குட்டிம்மாவை நாக்னரே மலைக்குக் கூட்டிக்கொண்டு வா

ஸ்லைகோ
அயர்லாந்து
ஏப்ரல் கடைசி

அன்புள்ள மக்களே,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டாயே, "குட்டிம்மாகிட்ட எந்த ஊர்னு கேட்டா என்னப்பா சொல்லச் சொல்றது?" என்று. அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே பெர்த்தில் இரவாகிவிட்டது, உனக்கு மறுநாள் வேலைக்கு எழும்ப வேண்டும். அவசரத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாகவும் எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வகுப்பில் கேட்டிருக்கிறார்கள், பிள்ளை பெர்த் என்றிருக்கிறாள். "அது சரி, நிஜமா எந்த ஊர்?" என்று திரும்பக் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அழுதாள் என்றாய். நீயும் இதே ஸ்லைகோவில் அவள் வயதில் இதே கேள்வியோடு வந்து நின்றவள்தான். கேட்டவர்கள் எல்லாரும் கெட்ட மனத்தோடு கேட்டார்கள் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கேட்பவர் மனம் எப்படித் தெரியும்? தான் சொன்ன பதில் போதவில்லை என்பது மட்டும்தான் தெரியும். அதை நினைத்தால் எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை.

ஜூலையில் நீங்கள் மூன்று பேரும் வரும்போது அவளை நாக்னரே உச்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். இதுதான் நான் சொல்ல நினைத்தது. மலை ஏறினால் அழுகை எப்படிப் போகும் என்று நீ கேட்பாய். பொறுமையாக வாசி.

வழி எப்படி இருக்கிறது, சின்னக் கால்களுக்குச் சரிப்படுமா என்று பார்க்கச் செவ்வாய்க்கிழமை நான் ஏறிப் பார்த்தேன். ஒரு வாரம் விடாமல் மழை. அன்றைக்குத்தான் வானம் வெளுத்திருந்தது. அம்மாவுக்கு நைட் டியூட்டி முடிந்து தூக்கம். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு நான் மட்டும் பஸ் ஏறி ஸ்ட்ராண்ட்ஹில் போய் இறங்கினேன்.

உனக்குத் தெரிந்தது கிழக்குப் பக்கத்து வழி. ராத்கேரிக் பக்கம் காரை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் கல்சுவர் நிற்க, சரளைக்கல் பாதையில் ஏறுவீர்களே, அது. பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனது அந்த வழியாகத்தான். நீ ஆஸ்திரேலியா போன பிறகு மேற்குப் பக்கம், ஸ்ட்ராண்ட்ஹில் ரக்பி மைதானத்துக்குப் பக்கத்திலிருந்து புது வழி ஒன்று வந்திருக்கிறது. மேவ் ராணி பாதை என்று பெயர். முதலில் ஊசியிலை மரக்காடு, அதற்குள்ளே படிகள். செங்குத்தாகத்தான் போகிறது, ஆனால் சேறு இல்லை, கால் வழுக்காது. நான் நின்று நின்று போனேன். இரண்டு பேர் ஓடியே ஏறினார்கள். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு பெண் என்னைத் தாண்டிப் போனாள், போகும்போது "லவ்லி டே" என்று ஒரு சிரிப்பு. இந்த ஊர்க்காரர்களுக்கு மழை நின்றாலே திருவிழா.

காட்டை விட்டு வெளியே வந்ததும் கோர்ஸ் புதர்கள். நல்ல மஞ்சள், கண் கூசுகிற மஞ்சள். அந்தப் பூவை நீ மோந்து பார்த்திருக்கிறாயா? தேங்காய் மணக்கும். நான் கற்பனையாகச் சொல்லவில்லை, இங்கே எல்லாருமே அப்படித்தான் சொல்வார்கள். வெயில் பட்டால் இன்னும் தூக்கலாக இருக்கும். நாங்கள் வந்த புதிதில், ஊர் ஞாபகத்தில் அம்மா சமையலறையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நாட்களில், இந்த மணம்தான் எங்களைக் கொஞ்சம் தேற்றியது. அப்போது இங்கே நம் நாட்டு நர்ஸுகள் வர ஆரம்பித்திருந்த காலம். தேங்காய் வாங்க டப்ளின் போக வேண்டும். மலையடிவாரத்தில் அந்த வாசனை வந்தால் நாகர்கோவிலில் உன் ஆச்சி தேங்காய் துருவுகிற நேரம் போலவே இருக்கும். பூவுக்குப் பின்னால் ஊசி ஊசியாக முள், குட்டிம்மாவைக் கை வைக்க விடாதே. ஜூலையில் கோர்ஸ் கொஞ்சம் அடங்கியிருக்கும். பதிலுக்கு ஊதாப் பூக்கள் தொங்கும் ஃபாக்ஸ்க்ளவ் நிற்கும். பார்க்க அழகு, ஆனால் முழுச் செடியும் விஷம். அதையும் இப்போதே சொல்லி வை.

மலை உயரம் 327 மீட்டர்தான். பக்கத்து மலை பென்புல்பென் 526 மீட்டர். ஆனால் நாக்னரே கடலோரத்தில், வேறு எதோடும் சேராமல் தனியாக நிற்பதால் எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது. நம் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து நீ தினமும் பார்த்ததுதானே, உச்சியில் ஒரு சின்னப் புடைப்போடு.

அந்த மலை முழுக்கச் சுண்ணாம்புக்கல். பாதையில் சில இடத்தில் குனிந்து பார்த்தால் கல்லுக்குள் பவளத்தின் வடிவம் தெரியும். சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்த நிலம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலுக்கு அடியில் கிடந்தது. சிப்பியும் பவளமும் செத்துப் படிந்து இறுகியதுதான் இந்தக் கல். அப்புறம் கண்டங்கள் நகர்ந்து நகர்ந்து வடக்கே இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்தது. கேட்டியா மக்களே, இங்கே காலுக்கடியில் இருக்கிற பாறையே வெயில் தேசத்தில் பிறந்து வந்ததுதான். இதைக் குட்டிம்மாவுக்குச் சொன்னால் அவளுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பவளத்தை அவளே கண்டுபிடிக்கட்டும், நாம் முந்திக்கொண்டு காட்ட வேண்டாம்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தால் காற்று. அட்லாண்டிக்கிலிருந்து குறுக்கே ஒன்றுமில்லாமல் நேராக வருகிற காற்று. சட்டைக்குள் புகுந்து உடம்பைத் தூக்குகிற மாதிரி அடித்தது. மாப்பிள்ளையிடம் சொல்லி வை, ஜூலை என்று நம்பி மெல்லிய உடுப்போடு வந்துவிட வேண்டாம்.

அங்கேதான் அந்தக் கற்குவியல். கீழே இருந்து புடைப்பாகத் தெரிவது இதுதான். பக்கத்தில் போய் நின்றால் கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். சுமார் 10 மீட்டர் உயரம், அடியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் 55 மீட்டர். கையால் தூக்கக்கூடிய சுண்ணாம்புக் கற்கள், ஒன்றின் மேல் ஒன்று. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு மக்கள் குவித்தது. எகிப்தின் பெரிய பிரமிடை விடப் பழையது. இரும்பு கிடையாது, சக்கரம் கிடையாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் தோண்டிப் பார்த்ததில்லை. நடுவில் கல்லறையும், அதற்குப் போக ஒரு நடைவழியும் இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. இதே காலத்துச் சமாதிகள் அயர்லாந்தில் நிறைய இருக்கின்றன, நியூகிரேஞ்ச் உட்பட. நியூகிரேஞ்சில் வாசல் திறந்துவிட்டது, டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். இதே மலையுச்சியில் இதைச் சுற்றியுள்ள சின்னச் சமாதிகளைக்கூட 19ஆம் நூற்றாண்டில் கிளறிவிட்டார்கள். பெரியது மட்டும் தப்பித்தது. எனக்கு அதில் பெரிய நிம்மதி. தெரிந்துகொள்ளும் ஆசை தவறு என்று சொல்லவில்லை. ஆனால் செத்தவர்களைப் படுக்க வைத்து இத்தனை கல்லைச் சுமந்து வந்து மூடியவர்கள், மூடியே இருக்கட்டும் என்றுதானே மூடியிருப்பார்கள்.

ஊர்க்காரர்கள் சொல்வது வேறு கதை. கானாக்ட் தேசத்தை ஆண்ட மேவ் ராணி உள்ளே நின்ற வாக்கில் புதைக்கப்பட்டிருக்கிறாள், கையில் ஈட்டி, முகம் வடக்கே அல்ஸ்டர் பகைவர்களைப் பார்த்து. பக்கத்து வீட்டுப் பாட்டி உனக்குச் சொல்லிச் சொல்லி, நீ போர்வையைச் சுற்றிக்கொண்டு துடைப்பக்கட்டையோடு வாசலில் மேவ் ராணியாக நிற்பாய். அந்தப் பாட்டி காலமாகிவிட்டார் என்று உனக்கு எழுதியிருந்தேன் அல்லவா. அவர் வீட்டு வேலியில் ஹாதார்ன் துளிர்த்திருக்கிறது, மே மாதம் வெள்ளையாகப் பூத்துவிடும்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

மேவ் கதைகள் இரும்புக் காலத்தில் நடந்ததாகச் சொல்லப்படுபவை. கற்குவியல் அதைவிடச் சுமார் 3,000 ஆண்டு மூத்தது. அதாவது இதைக் கட்டியவர்களுக்கு மேவ் யார் என்றே தெரியாது. மேவ் கதையைச் சொன்னவர்களுக்கு இதைக் கட்டியவர்கள் யார் என்று தெரியாது. கட்டியவர்கள் ஒருவர், பெயர் வைத்தவர்கள் வேறொருவர். அப்படியிருந்தும் இன்றைக்கு இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

சரி, கட்டியவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? பழைய எலும்புகளின் மரபணுவைப் படித்து இப்போது சொல்கிறார்கள். சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன்பு அயர்லாந்துக்கு வந்த முதல் விவசாயிகள் அவர்கள். அவர்களுடைய முன்னோர் இன்றைய துருக்கி இருக்கும் அனதோலியாப் பகுதியிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஐரோப்பா வழியே நகர்ந்து வந்தவர்கள். கடைசியில் தோணியில் மாட்டையும் ஆட்டையும் கோதுமை, வாற்கோதுமை விதையையும் ஏற்றிக்கொண்டு கடலைத் தாண்டினார்கள். இங்கே அதற்கு முன்பே வேட்டையாடி, மீன் பிடித்து வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் இவர்களைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டிருக்க மாட்டார்களா? அப்புறம் வெண்கலக் காலத்தில் இன்னொரு கூட்டம் வந்தது. இன்றைய ஐரிஷ்காரர்களின் மரபணுவில் பெரும்பங்கு அந்தப் பின்னால் வந்தவர்களுடையதுதான். இந்த மலையில் யார் முதல், யார் வந்தேறி என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் கணக்கு முடியவே முடியாது.

2020இல் வெளிவந்த ஓர் ஆய்வை நினைத்தால் எனக்கு இன்னமும் மனம் நிறைகிறது. நியூகிரேஞ்சில் புதைக்கப்பட்ட ஒருவருக்கும், இங்கே மலையடியில் காரோமோரிலும், தெற்கே காரோகீல் குன்றுகளிலும் புதைக்கப்பட்டவர்களுக்கும் தூரத்து உறவு இருந்தது என்று மரபணுவில் தெரிந்திருக்கிறது. நியூகிரேஞ்ச் இங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர், நாட்டின் அந்தக் கரையில். ரோடு இல்லாத காலத்தில் ஒரே சொந்தம் இரண்டு கரையிலும். நீ பெர்த்தில், அத்தை நாகர்கோவிலில், நாங்கள் இங்கே. அம்மா வருத்தப்படும்போதெல்லாம் நான் இந்த ஆய்வைத்தான் எடுத்துச் சொல்கிறேன். "செத்தவங்க எலும்பு எனக்கு ஆறுதலா?" என்கிறாள். ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

மலையில் சின்னச் சின்னக் குகைகளும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் 2013இல் கொஞ்சம் எலும்புத் துண்டுகள் கிடைத்தன. மரியன் டௌட் என்ற குகை அகழாய்வாளர் ஆராய்ந்து சொன்னார்: ஒரு பெரியவர், ஒரு குழந்தை, இருவரும் 5,000 ஆண்டுகளுக்கும் முந்தியவர்கள். குழந்தைக்கு நாலிலிருந்து ஆறு வயது. உடலைக் குகையில் கிடத்தி, சதை போன பிறகு எலும்புகளை எடுத்து வேறு இடத்தில் வைத்திருக்கலாம், விட்டுப்போன துண்டுகள்தான் இவை என்பது அவர்கள் கருத்து. குட்டிம்மா வயதுப் பிள்ளை. அந்த இடுக்கான பாறைக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறியவரை நினைத்துக்கொண்டே உச்சியில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். இதைக் குட்டிம்மாவுக்குச் சொல்ல வேண்டாம், உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

அன்றைக்கு ஒரு விஷயம் மனதைப் புண்படுத்தியது. நாலைந்து இளைஞர்கள் கற்குவியலின் மேலே ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் கல் சரிந்து உருண்டது. கீழே புல்லில் யாரோ கற்களை எடுத்து வைத்துத் தங்கள் பெயரின் முதலெழுத்துகளை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். ஏறாதீர்கள், கல்லை நகர்த்தாதீர்கள் என்று அறிவிப்புப் பலகை இருக்கிறது. முன்காலத்தில் அடிவாரத்திலிருந்து ஒரு கல்லைக் கொண்டுபோய் மேவுக்குப் போடுவது வழக்கம், பாட்டியும் அப்படிச் செய்தவர்தான். கல்லை எடுத்துக்கொண்டு வருவது மட்டும் ஆகவே ஆகாது என்பார். இப்போது வருகிறவர்கள் கூட்டம் அதிகம். ஆயிரக்கணக்கான கால்கள் ஏறினால் 5,000 ஆண்டு நின்ற குவியலும் சரியும். நான் போய் அந்தப் பையன்களிடம், "தம்பிகளா, இது சமாதி" என்று மெதுவாகச் சொன்னேன். ஒருவன் முகம் சிவந்து உடனே இறங்கினான், மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். "நீங்க உள்ளூரா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

காரோமோர் ஞாபகம் இருக்கிறதா? மலைக்குக் கிழக்கே வயல்களுக்கு நடுவில் கல்வட்டங்களும், மேலே பலகைக்கல் மூடிய சமாதிகளும், சுமார் 30 மிஞ்சியிருக்கின்றன. கல் உடைக்கிறவர்களும் சரளை அள்ளுகிறவர்களும் பலவற்றை அழித்துவிட்டார்கள். 1980களில் அதற்குப் பக்கத்திலேயே மாவட்டக் குப்பையைக் கொட்ட ஏற்பாடு நடந்தது. அக்கம்பக்கத்தில் குடியிருந்த சிலர் நீதிமன்றம் போனார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடுத்து நிறுத்தினார்கள். தங்கள் வயலுக்கு அடுத்த வயலில் இருந்ததை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள். அந்தச் சமாதிகளைக் கட்டியவர்களின் ரத்தம் அவர்கள் உடம்பில் எவ்வளவு ஓடுகிறது என்று யாரும் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இல்லை. அவர்கள் பார்த்துக்கொண்டார்கள், அதனால் அது அவர்களுடைய இடம். ஊர் என்றால் எனக்கு இதுதான் மக்களே.

உச்சியில் நின்று சுற்றிப் பார்த்தால் போனவர்களின் கதையும் தெரிகிறது. வடக்கே ஸ்லைகோ துறைமுகத்தின் வாய். 1840களில் உருளைக்கிழங்கு நோய் கண்டு பஞ்சம் வந்தபோது அந்த வழியாகத்தான் கப்பல் கப்பலாக ஜனங்கள் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். 1841இல் இந்த மாவட்டத்தில் சுமார் 1,80,000 பேர். பத்தே ஆண்டில் 1,30,000க்கும் கீழே. பாதிப் பேர் செத்தார்கள், பாதிப் பேர் போனார்கள் என்று கணக்காகப் பிரிக்க முடியாது, ஆனால் இரண்டும்தான். 2022 கணக்கெடுப்பில்கூட இங்கே 70,000 பேர்தான். அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் கோடையில் வந்து இந்த மலையில் ஏறுகிறார்கள். பாஸ்டன் பேச்சு, டொராண்டோ பேச்சு, உங்கள் ஆஸ்திரேலியப் பேச்சு எல்லாம் அந்தப் பாதையில் கேட்கலாம். அவர்களிடம் எந்த ஊர் என்று கேட்டால், "என் தாத்தாவின் அம்மா ஸ்லைகோ" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். யாரும் "நிஜமா?" என்று கேட்பதில்லை. குட்டிம்மாவின் அம்மாவே ஸ்லைகோ. அவள் சொல்லக்கூடாதா?

பெர்த், ஸ்லைகோ, நாகர்கோவில் என்று மூன்றையும் சொல்லச் சொல்லிக் கொடுக்கலாம். நல்ல பதில்தான். ஆனால் அது கேட்கிறவர்களுக்கான பதில். பிள்ளைக்கு உள்ளுக்குள் ஒரு பிடிமானம் வேண்டும். அம்மா என் வயதில் ஏறிய மலையில் நானும் என் காலாலேயே ஏறினேன், அங்கே கல்லுக்குள் பவளத்தைப் பார்த்தேன், காற்று என்னைத் தள்ளியது என்று அவளுக்கு இருக்கட்டும். நாகர்கோவில் போகும்போது மருந்துவாழ்மலைக்கும் கூட்டிப்போ. அங்கேயும் மேலே நின்றால் கடல் தெரியும். நானும் உன் தாத்தாவோடு அப்படித்தான் ஏறினேன். சொல்லிக் கொடுத்த பதிலைப் பிள்ளை அடுத்த வருஷம் மறந்துவிடுவாள். ஏறியதை மறக்க மாட்டாள்.

கீழே நீ தேடிப் பார்க்கிற இடங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மேற்கே ஸ்ட்ராண்ட்ஹில் மணல் மேடு, அதை ஒட்டிக் கடலோரமாக அந்தச் சின்ன விமான ஓடுபாதை. பயணிகள் விமானம் இப்போது இல்லை, கடலோரக் காவல் படையின் மீட்பு ஹெலிகாப்டர் அங்கிருந்துதான் கிளம்புகிறது. நான் மேலே இருந்தபோது ஒரு தடவை எழும்பி டோனகால் பக்கம் போனது. கடலுக்குள் ஸர்ஃபிங் பலகையோடு பிள்ளைகள். அங்கே நீரோட்டம் பொல்லாதது, நீந்தக்கூடாது என்பதை மாப்பிள்ளைக்கு இப்போதே சொல்லிவிடு, ஆஸ்திரேலியாக் கடலில் நீந்திப் பழகிய தைரியத்தில் இறங்கிவிடப் போகிறார். வடக்கே பென்புல்பென், அதற்கும் அப்பால் 1588இல் ஸ்பெயின் நாட்டுப் போர்க்கப்பல்கள் மூன்று புயலில் உடைந்த ஸ்ட்ரீடா கடற்கரை. தெற்கே பாலிசடேர் விரிகுடா, அன்றைக்குக் கடல் வற்றி மணல் திட்டுகள் வெளியே தெரிந்தன. க்ரோ பேட்ரிக் மலை தெரியவில்லை, அந்தப் பக்கம் மேகம்.

உங்கள் வருகைக்கு நான் போட்டு வைத்திருக்கும் திட்டம் இது. வந்து இரண்டு நாள் தூங்கி எழும்புங்கள். அப்புறம் மழை இல்லாத ஒரு நாள் பார்த்து ஸ்ட்ராண்ட்ஹில் பக்கமாக ஏறுவோம், படிகளில் நின்று நின்று கடலைப் பார்க்கலாம். இறங்குவது பழைய வழியில். அம்மா காரை எடுத்துக்கொண்டு ராத்கேரிக் பக்கம் வந்துவிடுவாள், முழங்கால் வலியோடு அவள் ஏற வேண்டாம். ஜூலையில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், அதனால் சாப்பிட்டுவிட்டு மாலையில் கிளம்பினாலும் போதும். உச்சியில் மேகம் இறங்கியிருந்தால் அன்றைக்கு வேண்டாம், மேலே பாதை சட்டென்று மறைந்துவிடும். குட்டிம்மாவைத் தூக்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். கால் வலிக்கிறது என்பாள், உட்காரட்டும், நானும் கூட உட்காருகிறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. கற்குவியலைச் சுற்றி நடக்கலாம், மேலே ஏறக்கூடாது, ஒரு சின்னக் கல்லைக்கூட எடுக்கக்கூடாது என்பதை மட்டும் பெர்த்திலேயே சொல்லிக் கூட்டிவா.

கணுக்காலை மூடுகிற ஷூ ஒன்று, மழைக்கோட்டு ஒன்று அவளுக்கு வாங்கு. பெர்த்தில் இப்போது குளிர்காலத்துக்கு விற்பனைக்கு வந்திருக்கும். இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதே, புது ஷூ காலைக் கடிக்கும், அங்கேயே போட்டுப் பழகட்டும்.

இன்னொரு நாள் கோனி தீவுக்கும் போகலாம். நீ சின்னதில் எண்ணிக்கொண்டே போவாயே, மணலில் வழிகாட்டி நிற்கும் 14 கல் தூண்கள், குட்டிம்மாவும் எண்ணட்டும். அதற்குக் கடல் வற்றும் நேரம் பார்க்க வேண்டும், நாளுக்கு நாள் மாறும். டிக்கெட் போட்டதும் தேதியை அனுப்பு, ஓத அட்டவணையைப் பார்த்து எந்த நாள் சரிப்படும் என்று குறித்து வைக்கிறேன்.

அம்மா எழும்பிவிட்டாள். வட்டிலப்பம் செய்யப் போகிறாளாம், உனக்குச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா